மலைப்பாதையில் ஓடும் பழைய கார்: சீட் பெல்ட், எயார்பேக் பழுதுகள்

மலையகத்தில் குடும்பங்கள் வைத்திருக்கும் சின்னக் கார்களில் பல, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்து பதினைந்து இருபது வருஷம் ஓடியவை. விட்ஸ், மார்ச், ஃபிட், ஸ்விஃப்ட் என்று பெயர்தான் வேறு. என்ஜின் ஒயிலையும் பிரேக்கையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள்கூட, டேஷ்போட்டில் எயார்பேக் விளக்கு எரிந்தபடியே இருந்தால் 'அது சும்மா எரியுது, கார் ஓடுதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். கார் ஓடத்தான் செய்யும். அந்த விளக்குக்கும் ஓட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மோதும் அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே அது பேசுகிறது: 'இப்போது மோதினால் நான் விரிவேன் என்று நம்பாதே' என்கிறது.

எதுவும் தெரியாமல் கராஜுக்குப் போனால், சொன்ன வேலையைச் செய்துகொண்டு சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். சீட் பெல்ட், எயார்பேக் என்ற இந்த இரண்டு பொருளும் எப்படி வேலை செய்கின்றன, மலைநாட்டில் ஏன் இவை வேறு மாதிரிப் பழுதாகின்றன, எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

பெல்ட்தான் முதல், பை அதற்குத் துணை

எயார்பேக் விளக்கில் எஸ்.ஆர்.எஸ். என்று எழுதியிருக்கும். அதில் முதல் எழுத்துக்குப் பொருள் 'துணையான' என்பது. எதற்குத் துணை? சீட் பெல்ட்டுக்கு. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு கற்சுவரில் மோதினால், உள்ளே இருப்பவரின் உடம்பு வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பெல்ட் இடுப்பையும் நெஞ்சையும் பிடித்து நிறுத்தும். தலையும் கழுத்தும் அப்போதும் முன்னால் வீசப்படும். அந்த வீச்சை வாங்கிக்கொள்ளத்தான் பை. ஒரு வினாடியின் நூறில் மூன்று பங்கு நேரத்துக்குள் அது விரிந்து, தலை வந்து சாயும்போது காற்றை விட்டு அமுங்கத் தொடங்கியிருக்க வேண்டும். பெல்ட் போடாதவர் அதற்கு முன்பே ஸ்டியரிங்கை நோக்கிப் பாய்ந்திருப்பார். விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்தில் முழு வேகத்தோடு அடிக்கும். பை நன்றாக இருந்து பெல்ட் போடாமல் போவதைவிட, பை இல்லாமல் பெல்ட் போட்டுப் போவது எவ்வளவோ மேல்.

நம் பாதைகளுக்கு இது இன்னும் பொருந்தும். முன்பக்கப் பைகள், காரின் முன்பக்கம் நேராகவோ சற்றுச் சாய்வாகவோ பலமாக மோதும்போது விரிவதற்காகச் செய்யப்பட்டவை. அசையாத சுவரில் மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவதற்கு ஈடான அதிர்ச்சி வந்தால்தான் பெரும்பாலான கார்களில் அவை வெடிக்கும். மண்மேட்டில் மூக்கை முட்டினால் மண் அமுங்கிக் கொடுக்கும், பை விரியாமல் போகலாம். பாதையை விட்டு விலகித் தேயிலைச் சரிவில் உருண்டாலும் பழைய சின்னக் கார்களில் முன்பக்கப் பைகள் விரியும் என்று சொல்ல முடியாது. உருளும் காருக்குள் ஆளைச் சீட்டோடு பிடித்து வைத்திருப்பது பெல்ட் ஒன்றுதான். சாரதியும் முன்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடுவது 2011 முதல் இங்கே சட்டம். பொலிஸ் நிற்கும் வளைவு வரை போடாமல் வந்து அங்கே மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பழக்கம், சரிவில் உருளும் காரில் யாரையும் காப்பாற்றாது.

சரிவில் பெல்ட் இழுபடவில்லை: இது பழுதா?

மலைநாட்டில் சீட் பெல்ட் பற்றி அடிக்கடி எழும் முறைப்பாடு இது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். வாசலே ஒரு செங்குத்து. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தால் ஒரு சாண் வந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் வராது. 'லொக் ஆயிட்டுது, மாத்தணும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், பெல்ட் சுற்றியிருக்கும் உருளை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குழி, குழிக்குள் ஓர் இரும்புக் குண்டு, குண்டின் மேல் ஒரு நெம்பு. கார் திடீரென வேகம் குறைந்தாலோ சரிந்தாலோ குண்டு குழியின் விளிம்புக்கு உருண்டு நெம்பைத் தூக்கும், நெம்பு உருளையின் பல்லில் மாட்டிக்கொள்ளும், பெல்ட் பூட்டிவிடும். பிரேக் அடித்ததாலா சரிவில் நிற்பதாலா என்று குண்டுக்குத் தெரியாது. இதற்கான சர்வதேச ஒழுங்குவிதியின்படி, 12 பாகை வரை சரிந்தால் பெல்ட் பூட்டக் கூடாது, 27 பாகையைத் தாண்டினால் கட்டாயம் பூட்ட வேண்டும். நடைமுறைக் கணக்கில் சொன்னால், ஐந்து மீற்றர் போவதற்குள் ஒரு மீற்றர் ஏறும் பாதை 12 பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறினால் கிட்டத்தட்ட 27 பாகை. இடைப்பட்ட சரிவில் ஒரு கார் பூட்டும், இன்னொன்று பூட்டாது. இரண்டும் சரிதான். ஒரு பக்கச் சக்கரம் கானில் இறங்கிக் கார் பக்கவாட்டில் சாய்ந்து நின்றாலும் இதேதான் நடக்கும்.

ஆகவே முதல் சோதனை: காரைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து பெல்ட்டை முழுக்க உள்ளே விட்டு, மெதுவாக இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அதில் எந்தப் பழுதும் இல்லை. அடுத்து வெடுக்கென்று இழுங்கள். உடனே பிடிக்க வேண்டும். பத்துத் தடவை இழுத்தால் பத்துத் தடவையும் பிடிக்க வேண்டும். ஒரு தடவை நழுவினாலும் அந்த உருளையை மாற்றவேண்டியதுதான். இந்த இரண்டாவது பூட்டு இழுக்கும் வேகத்தைப் பார்த்து வேலை செய்வது, குண்டோடு சம்பந்தப்படாதது. குண்டைச் சோதிக்க, ஆளரவமற்ற சமமான இடத்தில் மணிக்கு 15, 20 கிலோமீற்றரில் போய் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பெல்ட் தோளை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

சரிவில் பூட்டிக்கொள்கிறது என்பதற்காக, 'மெயின் ரோட்டுக்கு வந்ததும் போடலாம்' என்று பெல்ட் இல்லாமல் தோட்டப் பாதையில் இறங்காதீர்கள். அந்த இறக்கம்தான் பயணத்தின் மிக ஆபத்தான துண்டு. வேறு வழியில்லாதபோது, சாரதி மட்டும் ஏறி, முதலாவது சமமான இடம் வரை பிரேக்கில் காலை வைத்தபடி ஊர்ந்து வந்து, அங்கே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்களை ஏற்றுவது ஒரு வழி. இரவே காரைத் திருப்பிச் சமதளத்தில் நிறுத்த இடமிருந்தால் அதைவிட நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் வரும். பழைய பார்ட்ஸ் கடையில் வாங்கிய உருளையைப் பூட்டியதும் சமதளத்திலேயே பெல்ட் இழுபடாமல் நிற்கும். குண்டின் குழி, அந்தக் காரின் தூண் சாயும் கோணத்துக்கு ஏற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்து உருளையை வலப்பக்கத்தில் பூட்டினாலும், வேறு மொடலுடையதைப் பூட்டினாலும் கோணம் மாறும். ஒன்று எப்போதும் பூட்டும், அல்லது பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டாது. இரண்டாவது வகை வெளியே தெரியாது என்பதால் அதுதான் பயங்கரம். உருளையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பிடித்து 'லொக் ஆகி நிக்குது' என்று கடையில் தள்ளிவிடுவதும் தவறு. அது எந்த நிலையில் நிற்கவேண்டுமோ அந்த நிலையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே சுருளாத பெல்ட், பிடிக்காத பூட்டு

பெல்ட்டைக் கழற்றினால் சோம்பலாகத் தொங்கி, கதவிடுக்கில் சிக்குகிறதா? பெரும்பாலும் ஸ்பிரிங்கில் குற்றமில்லை, அழுக்குத்தான். தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து திரும்பும் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வியர்வையும் தூசியும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு படை இருக்கும். ஈரத்துணியில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்டு அதைத் துடைத்தெடுங்கள். பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்து, திரும்பச் சுருளாதபடி உருளைக்கு அருகே ஒரு கிளிப்பைப் போட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு இரு புறமும் துடையுங்கள். பிளீச், பெற்றோல், தின்னர், சாயம் எதுவும் ஆகாது. இழையின் பலத்தை அவை தின்றுவிடும். உருளைக்குள் ஒயில் ஸ்பிரே அடிக்கவும் கூடாது. ஈரத்தோடு உள்ளே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியாவின் மூடுபனி நாளில் பெல்ட் காய ஒரு முழு நாள்கூட ஆகும், பொறுத்திருங்கள்.

பின்சீட்டில் பெல்ட்டைச் செருகி மாட்டும் பூட்டுகள் இங்கே வேறொரு விதத்தில் கெடுகின்றன. லீக்ஸ், கரட் மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிய காரில் சேற்றுமண் பூட்டின் வாய்க்குள் போய் இறுகிவிடும். சிறு பிள்ளைகள் போட்ட சில்லறைக் காசும் பிஸ்கட் தூளும் சீனித் தேநீரும் அதே வேலையைச் செய்யும். பெல்ட்டில் உள்ள உலோக நாக்கைச் செருகினால் 'டிக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும், பலமாக இழுத்தாலும் வரக் கூடாது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நாக்கு தானாகத் துள்ளி வெளியே வர வேண்டும். வராமல் கையால் பிடுங்க வேண்டியிருந்தால் உள்ளே அழுக்கு. காற்று அடித்தும் உறிஞ்சியும் எடுக்கலாம். அப்படியும் சரியாகாவிட்டால் மாற்றுங்கள்; ஒயில் விட்டால் அடுத்த மாதம் இரண்டு மடங்கு மண் ஒட்டும்.

பெல்ட்டின் துணியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புதிய நிலையில் அது குறைந்தது 14.7 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 1,500 கிலோ தொங்கும் பாரம். அந்தப் பலம் நெசவு இழைகள் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தாலும் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். ஓரம் பிசிர் பிடித்தது, வெயிலில் வெளுத்து விறைத்தது, அலையலையாக நெளிந்தது, நாக்கு நிற்கும் இடத்தில் உருகிய கோடு விழுந்தது எல்லாம் மாற்றவேண்டியவை. கடைசி இரண்டும் ஒரு பெரிய மோதலில் அந்தப் பெல்ட் ஏற்கனவே ஓர் ஆளைத் தாங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து ஒட்டுப்போட்ட பெல்ட், பெல்ட்டே அல்ல.

2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பல கார்களில் முன்சீட்டு உருளையோடு வெடிமருந்து வைத்த ஓர் இழுப்பானும் இருக்கும். மோதிய கணத்தில் அது வெடித்து, பெல்ட்டின் தளர்வைச் சில சென்ரிமீற்றர் இழுத்து இறுக்கும். ஒரு முறைதான் வெடிக்கும். அதன் பிறகு பெல்ட் பாதியில் இறுகி நிற்கும், அல்லது சீட்டருகே உள்ள பூட்டு வழக்கத்தைவிடக் கீழே அமிழ்ந்திருக்கும். அதைத் திரும்ப 'செட்' பண்ண முடியாது. இந்த இழுப்பானும் எயார்பேக் சுற்றோடு சேர்ந்ததுதான். அதில் கோளாறு என்றாலும் எரிவது எயார்பேக் விளக்குத்தான்.

விளக்கை வாசிப்பது எப்படி

என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை அதற்கு முந்திய நிலையில் நிறுத்துங்கள். எயார்பேக் விளக்கு எரிந்து, ஆறு ஏழு வினாடிகளில் தானாக அணைய வேண்டும். அந்த நேரத்தில் காரின் நடுவே, கியர் நெம்புக்குக் கீழ்ப்பகுதியில் இருக்கும் கணினிப் பெட்டி ஒவ்வொரு பைக்கும் போகும் வயரைச் சோதிக்கிறது.

அது சோதிப்பது தடையை. ஒவ்வொரு பையின் வெடிப்பானிலும் ஏறத்தாழ 2 முதல் 3 ஓம் தடைதான் இருக்கும். கணினி மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு அளந்து பார்க்கும். தடை மிக அதிகம் என்றால் வயர் அறுந்திருக்கிறது, மிகக் குறைவு என்றால் எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட் கனெக்டரில் கொஞ்சம் பாசி பிடித்து ஓர் ஓம் கூடினால் வெளிச்சம் சற்று மங்கும், அவ்வளவுதான். அதே ஓர் ஓம் இங்கே மொத்த அளவில் மூன்றிலொரு பங்கு. 'இவ்வளவு சின்னத் துருவுக்கா விளக்கு எரியுது?' என்று கேட்டால், ஆம், அதற்குத்தான்.

எரிந்தபடி நின்றால் பழுது. சில கார்களில் பழுதான ஒரு பை மட்டும் செயலிழக்கும், சிலவற்றில் முழு அமைப்பும் நிற்கும். எதுவும் விரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் குண்டும் பல்லும் வெறும் இயந்திரம் என்பதால், விளக்கு எரிந்தாலும் அவை வேலை செய்யும்.

விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பல்பு போயிருக்கலாம்; அல்லது விற்பதற்காக யாரோ பிடுங்கியிருக்கலாம். அதைவிட நுட்பமான ஏமாற்று, அந்தப் பல்பின் வயரை ஒயில் விளக்கோடு சேர்த்துவிடுவது. கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருங்கள்: ஒயில் விளக்கும் பெட்டரி விளக்கும் எரிந்துகொண்டே இருக்க, எயார்பேக் விளக்கு மட்டும் ஆறேழு வினாடியில் அணைந்தால் சரி. ஒயில் விளக்கோடு சேர்ந்து நின்று, ஸ்டார்ட் பண்ணியதும் சேர்ந்தே அணைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வளைவும் ஈரமும் குளிரும்

ஸ்டியரிங் சுழலும், அதன் நடுவில் இருக்கும் பைக்கு மின்சாரம் போகவும் வேண்டும். சாதாரண வயர் என்றால் முறுக்கி அறுந்துவிடும். அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே தட்டையான ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், கசட் நாடா போன்ற மெல்லிய பட்டைக் கம்பி சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். கடிகார ஸ்பிரிங் என்றும் சுருள் கேபிள் என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். ரம்பொடையிலிருந்து நுவரெலியா ஏறும்போது ஸ்டியரிங் எத்தனை தடவை முக்கால்வாசிக்கு மேல் ஒடிக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொழும்பில் ஒரு நாள் முழுக்க ஓடும் கார்கூட அவ்வளவு ஒடியாது. பட்டை மடங்கி நிமிர்ந்து மடங்கி நிமிர்ந்து, ஒருநாள் உள்ளே ஒரு கம்பி வெடித்துவிடும்.

அதன் அடையாளம் ஹோர்ன். பல கார்களில் ஹோர்ன் வயரும் இதே பட்டையில்தான் போகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஹோர்ன் அடிக்கவில்லை, கூடவே எயார்பேக் விளக்கும் எரிகிறது என்றால் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். திருப்பும்போது ஸ்டியரிங்குக்குள் கடதாசி உரசுவது போன்ற சரசரப்பும் கேட்கலாம். மாற்றும்போது நடக்கும் தவறும் ஒன்று உண்டு: புதிய சுருளை நடுநிலைக்குக் கொண்டுவராமல் பூட்டிவிடுவது. முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். சுருளை ஒரு பக்கம் முட்டும் வரை மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து, அடையாளக் குறிகளைப் பொருத்த வேண்டும். ஐந்து சுற்று என்றால் இரண்டரை. இதைச் செய்யாவிட்டால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே புதுச் சுருள் அறுந்துவிடும். வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முட்டும் வரை திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டே காரை எடுங்கள்.

அடுத்தது ஈரம். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால், அது பெல்ட் இழுப்பானுக்கோ சீட்டுப் பக்கப் பைக்கோ உரியது. மஞ்சள் என்றாலே எயார்பேக் சுற்று, விளையாடாதே என்று பொருள். மழைக்காலம் முழுக்க நனைந்த சப்பாத்தும் குடையும் அந்தத் தரைவிரிப்பில்தான் வடிகின்றன. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் குழியில் நிழல் மரத்துச் சருகு அடைத்துக்கொண்டால் மழைநீர் வெளியே போக வழியில்லாமல் காருக்குள் இறங்கும். விரிப்பை அமுக்கினால் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் முதலில் தண்ணீர் உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள், சருகை அள்ளுங்கள், விரிப்பைத் தூக்கிக் காயவையுங்கள். கனெக்டரின் ஊசிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பெட்டரியைக் கழற்றிய பிறகு, மின்தொடர்பு சுத்தமாக்கும் ஸ்பிரேயால் கழுவிக் காயவைத்து, 'கிளிக்' என்று பூட்டும் வரை அழுத்த வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். சீட்டுக்கடியில் ஜாக்கியையும் தண்ணீர்ப் போத்தலையும் திணித்து வைப்பதாலேயே எத்தனையோ கார்களில் இந்த விளக்கு எரிகிறது. மஞ்சள் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்தச் சுற்றில் ஓர் ஓமுக்கு என்ன மதிப்பு என்று மேலே பார்த்தோம்.

குளிர் செய்வது சின்ன வேலை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். பலவீனமான பெட்டரி அந்தக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது மிகத் தாழ்ந்துவிடும். கணினி அதைப் பழுது என்று குறித்துக்கொள்ளும். ஓடாமல் நிற்கும் காரில் 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். முனைகளின் துருவையும் சுரண்டுங்கள். சில நேரம் வேலை இதோடு முடிந்துவிடும்.

ஸ்கேன் பண்ணுவதும் கை வைப்பதும்

போனோடு இணைக்கும் மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலானவை என்ஜின் குறியீடுகளை மட்டுமே வாசிக்கும். எயார்பேக் குறியீடுகள் 'பி' என்ற எழுத்தில் தொடங்குபவை. அவற்றை வாசிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கராஜுக்குப் போங்கள். பழைய டொயோட்டாக்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் சொக்கட்டில் 4ஆவதையும் 13ஆவதையும் ஒரு வயரால் இணைத்தால் விளக்கே சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும். துளை மாறினால் வேறு பாகம் கெடும் என்பதால், இது பழகியவர் செய்யவேண்டிய வேலை. குறியீட்டை எழுதி வாங்குங்கள். எழுதாமல் அழித்துவிட்டு 'சரியாயிட்டுது' என்பவரிடம் இரண்டாம் முறை போகவேண்டாம். நிலையான பழுது என்றால் விளக்கு திரும்ப எரியும், ஆனால் எங்கே என்ற தகவல் போயிருக்கும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது பார்ப்பது, துடைப்பது, பெட்டரி, ஈரம் ஆகியவைதான். பையைக் கழற்றுவது பழகியவர் வேலை. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி மூன்று நிமிடமாவது காத்திருக்க வேண்டும், பத்து நிமிடம் என்றால் இன்னும் நல்லது. மோதலில் பெட்டரி அறுந்தாலும் பை விரிவதற்காகக் கணினிப் பெட்டிக்குள் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கழற்றிய பையை முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த பை வெடித்தால் அதன் இரும்புச் சட்டம் கூரைக்குப் பறக்கும். மல்டிமீற்றரின் ஊசியைப் பையின் மேல் வைக்கவே கூடாது. அளக்கும் கருவி விடும் மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். பெட்டரியைத் திரும்ப இணைத்து முதல் தடவை சாவியைத் திருப்பும்போது சீட்டில் யாரும் இருக்க வேண்டாம். கதவருகே நின்று கையை நீட்டித் திருப்பினால் போதும்.

விளக்கு காட்டாத பழுது

டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றூட்டிகளில், அதாவது பையை ஊதி விரிக்கும் குப்பிகளில், அம்மோனியம் நைத்திரேற்று வெடிமருந்து இருந்தது. வருஷக்கணக்கில் ஈரப்பதமும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து நொறுங்கும். பிறகு அது வேகமாக எரிந்து, இரும்புக் குப்பி வெடித்து, சிதறல்கள் முகத்திலும் கழுத்திலும் பாயும். சின்ன மோதலில் தப்பியிருக்க வேண்டியவர்கள் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 10 கோடி காற்றூட்டிகள் திருப்பியழைக்கப்பட்டன. நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. ஹொண்டா, டொயோட்டா, நிசான் உட்படப் பல நிறுவனங்களின் கார்களில் இவை இருந்தன. பழைய ஃபிட்டும் அவற்றில் ஒன்று.

இந்தக் காற்றூட்டியின் தடை 2, 3 ஓம் என்று சரியாகவே இருக்கும். விளக்கு ஒழுங்காக அணையும். ஸ்கேனரும் பழுதில்லை என்றே காட்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கத்தைக் கொண்டு தேடுவது. ஜப்பானிய நிறுவனங்களின் இணையத்தளங்களில் அந்த இலக்கத்தை இட்டால் திருப்பியழைப்பு விவரம் வரும். இங்குள்ள முகவரிடமும் கேட்கலாம். இது பத்து நிமிட வேலை. பழைய ஜப்பானியக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே செய்யுங்கள்.

பழைய பை வாங்காதே என்று நாம் சொல்வதற்கும் இதுதான் காரணம். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் ஸ்டியரிங்கோடு சேர்த்தே பை கிடைக்கும். எந்தக் காரில் இருந்தது, வெள்ளத்தில் நனைந்ததா, திருப்பியழைக்கப்பட்டதா என்று விற்பவருக்கே தெரியாது. அதைவிட மோசம், விரிந்த பையை எடுத்துவிட்டு வெறும் மூடியை ஒட்டி, கனெக்டரில் 2 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகிவிடுவது. கணினி ஏமாந்து விளக்கை அணைத்துவிடும். உள்ளே ஒன்றுமே இருக்காது. இதைச் செய்பவர், காருக்குள் உட்காரப்போகும் ஓர் ஆளின் உயிரை விற்கிறார்.

பழைய கார் வாங்கும்போது ஸ்டியரிங் நடுமூடியின் நிறமும் தோலின் தரமும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகின்றனவா, பயணிப் பக்க மூடியில் ஒட்டுப்போட்ட தடம் தெரிகிறதா என்று பாருங்கள். பெல்ட்டுகளை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் ஒரு சிறு துணிச்சீட்டு இருக்கும். பலவற்றில் செய்த வருஷமும் மாதமும் அச்சிடப்பட்டிருக்கும். கார் 2006, மூன்று பெல்ட் 2006, சாரதியின் பெல்ட் மட்டும் 2012 என்றால், அந்தக் கார் முன்னால் எங்கோ மோதியிருக்கக்கூடும்.

பையின் வழியில் எதுவும் இருக்கக் கூடாது

பயணிப் பக்கப் பை டேஷ்போட்டின் மேல் மூடியைப் பிளந்துகொண்டு வரும். அந்த மூடியின் மேல்தான் நாம் பிள்ளையாரை ஒட்டி வைக்கிறோம், பிளாஸ்டிக் பூச்சாடியும் வைக்கிறோம். பை விரியும்போது அவை கல்லெறி போல முன்சீட்டில் இருப்பவரின் முகத்துக்கு வரும். சாமியை டேஷ்போட்டின் நடுவில், எஸ்.ஆர்.எஸ். எழுத்துள்ள மூடிக்கு வெளியே, தாழ்வான இடத்தில் வையுங்கள். ஸ்டியரிங்கின் நடுமூடியில் ஸ்டிக்கரோ அலங்கார உறையோ வேண்டாம். சீட்டின் தோள் ஓரத்தில் எயார்பேக் என்று எழுதிய துணித்துண்டு தைத்திருந்தால், சீட் உறையை அந்தப் பக்கம் திறந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

சாரதியின் நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் இடையில் குறைந்தது 25 சென்ரிமீற்றர் வேண்டும். ஏற்றத்தில் பாதை தெரியவில்லை என்று ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓட்டுகிறவர்கள் சீட்டின் உயரத்தைக் கூட்டிப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். பின்னோக்கிப் பார்த்துப் படுக்கும் கைக்குழந்தை இருக்கையைப் பை உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. முன்சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவதும் வேண்டாம். மோதினால் தாயின் உடம்பே பிள்ளையைப் பெல்ட்டில் வைத்து நசுக்கும். பிள்ளைகளின் இடம் பின்சீட்டு, அவரவர்க்குரிய பெல்ட்டோடு.

கையில் காசு குறைவு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய முடியாது என்றால் நாம் சொல்லும் வரிசை இது: முதலில் செசி இலக்கத்தைத் தேடுங்கள், அதற்குக் காசு வேண்டாம். அடுத்து பெல்ட்டுகள், பின்சீட்டையும் சேர்த்து. இதிலும் பாதி வேலை சவர்க்காரத்தோடு முடிந்துவிடும். பிறகு பெட்டரியும் ஈரமும். அதன் பிறகே ஸ்கேன். அது சொல்வதைப் பொறுத்து, சீட்டுக்கடி கனெக்டரோ ஸ்டியரிங் சுருளோ. அதுவரை எரியும் விளக்கை டேப் ஒட்டி மறைக்காதீர்கள். இந்தக் காரில் பை இல்லை என்று முன்சீட்டில் ஏறுகிறவரிடம் சொல்லிவிட்டு, அவர் பெல்ட்டைப் போட்டு 'டிக்' சத்தம் கேட்ட பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள்.